மூன்று பேருக்கு மேல் லீவு இல்லை

ஸ்டாஃப் ரூம் கதவை ஒட்டி ஒரு வெள்ளைப் பலகை. வராத டீச்சரின் வகுப்பை யார் பார்க்க வேண்டும் என்று தினமும் காலையில் அதில் எழுதிப் போடுவார்கள். சப்ஸ்டிட்யூஷன் என்று பெயர். டீச்சர்களின் உயிரை எடுப்பது பாடமும் இல்லை, பரீட்சைத் தாளும் இல்லை, அந்தப் பலகைதான். இருக்கிற ஒரே காலி பீரியடில் உட்கார்ந்து நோட்டுத் திருத்தலாம், ஒரு வாய் டீ குடிக்கலாம் என்று வருகிறவள் பலகையில் தன் பெயரைப் பார்த்துவிட்டால் அன்றைக்கு அவள் முகத்தில் யாரும் முழிக்க முடியாது.

அந்தப் பலகையைத்தான் ஜூன் மாதம் டோரீன் மிஸ் சங்கமித்ராவின் தலையில் கட்டினார்.

டோரீன் மிஸ் அந்தப் பள்ளியின் ஹெட்மிஸ்ட்ரஸ். ரிச்சர்ட்ஸ் டவுனில் பிறந்து, அங்கேயே படித்து, அங்கேயே வேலை பார்த்து வயதானவர். அடுத்த மார்ச்சில் ஓய்வு. அந்த நாற்காலிக்காகத்தான் சங்கமித்ரா இரண்டு வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளைப் பறிகொடுத்து, பள்ளி நிர்வாகத்தில் எம்.ஏ. படித்துக்கொண்டிருந்தாள். கணக்கு டீச்சர். நாற்பது தாண்டிவிட்டது. படிப்பின் கடைசிக் கட்டமாக ஒரு பருவம் முழுக்க ஏதாவது ஒரு பள்ளியில் தலைமை ஆசிரியரின் கீழ் இன்டர்ன்ஷிப் செய்ய வேண்டும். மற்றவர்கள் வைட்ஃபீல்ட் பக்கம் பெரிய பெரிய பள்ளிகளுக்குப் போனார்கள். சங்கமித்ராவுக்கு யார் லீவு கொடுப்பார்கள்? சொந்தப் பள்ளியிலேயே, முழு டைம்டேபிளையும் சுமந்துகொண்டு, அதற்கு மேல் இதையும் செய் என்றார்கள்.

"புக்குல என்னென்னமோ படிச்சிருப்ப, சைல்ட்," என்றார் டோரீன் மிஸ், மார்க்கர் பேனாவை நீட்டியபடி. "விஷன், மிஷன் எல்லாம் இருக்கட்டும். இந்த போர்டை ஒரு டெர்ம் நீ போடு. ஸ்டாஃப் ரூம்ல யாரும் அழாம, யாரும் யார் முடியையும் புடிக்காம ஓட்டிக் காமி. நானே கரஸ்பாண்டன்ட்கிட்ட போய் நிக்கறேன், இவதான் அடுத்த ஹெச்.எம்.னு."

சேதி ஸ்டாஃப் ரூமுக்குப் போய்ச் சேர்வதற்குள் சிரிப்பும் போய்ச் சேர்ந்துவிட்டது.

"வாம்மா இன்டர்ன்," என்றாள் வனஜா. அறிவியல் டீச்சர். சங்கமித்ராவோடு ஒரே வருடம் வேலைக்குச் சேர்ந்து, ஒரே பெஞ்சில் டிபன் டப்பாவைத் திறக்கிறவள். "நம்ம வயசுல எல்லாரும் மருமகள் தேடறாங்க. இவ இன்டர்ன்ஷிப் போறா. எனக்கு மட்டும் லாஸ்ட் பீரியட் போட்றாத தாயே. பஸ் போயிடும்."

"போடமாட்டேன் போடி."

அங்கேயே ஆரம்பித்தது தப்பு.

மர்ஃபி டவுன் வீட்டில் அம்மா லட்சுமம்மாவும் விடவில்லை. கட்டடங்களில் சித்தாளாக இருந்து இடுப்பு விட்டுப்போனவள். மகள் சொன்னதை முழுசாகக் கேட்டுவிட்டு ஒரே கேள்விதான் கேட்டாள்: "யாரு வரல, யாரு எந்த வேலைக்குப் போகணும்னு காலைல சொல்றதா? அது மேஸ்திரி வேலைதானே? அதுக்கா ரெண்டு வருஷம் படிச்ச?"

சங்கமித்ராவுக்குச் சுருக்கென்றது. பள்ளி விடுமுறைகளில் அம்மாவோடு செங்கல் சுமந்தவள் அவள். கோவிந்தப்பா மேஸ்திரியின் விரல் இன்னும் கண்ணில் நிற்கிறது. காலையில் ஆட்கள் வரிசையாக நிற்பார்கள். மேஸ்திரி வாயைத் திறக்கமாட்டான். விரலை நீட்டுவான். நீ மணல். நீ மேலே. மூன்றாவது மாடிக்குக் கலவைச் சட்டி தூக்கும் வேலைக்கு அந்த விரல் அம்மா பக்கம் திரும்பும்போதெல்லாம், பக்கத்தில் நிற்கும் பெண்கள் மூச்சு விடுவது கேட்கும். அப்பாடா, நான் இல்லை. அந்த மூச்சுக்காகவே அந்த விரலை முறித்துப் போடலாம் போலிருக்கும் அவளுக்கு.

இப்போது விரலுக்குப் பதில் மார்க்கர். பலகை முன் நின்றால் முதுகுக்குப் பின்னால் அதே மூச்சு கேட்டது. யார் பெயரை எழுதினாலும் கை கூசியது. முதல் வாரத்திலேயே ஒரு வழி கண்டுபிடித்தாள். தகராறு வரும்போல் இருந்தால் தன் பெயரையே எழுதிக்கொண்டாள். வனஜாவுக்குக் கடைசி பீரியடா? சங்கமித்ரா. மூட்டுவலிக்கார இந்தி டீச்சருக்கு மாடி வகுப்பா? சங்கமித்ரா. எட்டாம் வகுப்பு பி என்றாலே எல்லோரும் காய்ச்சல் என்பார்கள். சங்கமித்ரா. ஜூலை முடிவதற்குள் அவளுக்குத் தொண்டை கட்டியது. ஸ்டாஃப் ரூமில் யாரும் அழவில்லைதான். நன்றி என்றும் யாரும் சொல்லவில்லை. அவள் பெயர் பலகையில் இருப்பது மின்விசிறி சுற்றுகிற மாதிரி பழகிப்போயிற்று.

ஆகஸ்டில் வரமகாலட்சுமி விரதம் வந்தது. பள்ளிக்கு விடுமுறை கிடையாது. ஆனால் கலசம் வைத்து, பட்டுப் புடவை கட்டி, அக்கம்பக்கத்துக்குத் தாம்பூலம் கொடுக்க வேண்டிய வெள்ளிக்கிழமையில் எந்த வீட்டம்மா வேலைக்கு வருவாள்? தமிழ், கன்னடம், தெலுங்கு பேசும் வீடுகளிலிருந்து எட்டு டீச்சர்கள் ஒரே நாளில் லீவு. வனஜாவும்தான். அது வருடா வருடம் நடப்பது. பிலோமினாவும் மற்ற கிறிஸ்தவ டீச்சர்களும் மறு பேச்சில்லாமல் எல்லா வகுப்பையும் பங்கு போட்டு ஓட்டுவார்கள். சங்கமித்ராவும் ஓட்டுவாள். அவள் வீட்டில் புத்தர் படமும் அம்பேத்கர் படமும்தான். கலசமும் இல்லை, சிலுவையும் இல்லை. எல்லோர் பண்டிகைக்கும் அவள் வகுப்பில்தான் இருப்பாள்.

இந்த வருடம் மட்டும், ஹாலில் சேர்த்து உட்கார வைத்த வகுப்புகளில் தள்ளுமுள்ளாகி ஒரு பையனுக்குப் பெஞ்சில் இடித்து முன்பல் உடைந்தது. அவன் அப்பா ஆட்டோவைப் பள்ளி வாசலில் குறுக்கே நிறுத்திவிட்டுக் கத்தினார். மறுநாள் கரஸ்பாண்டன்ட் சந்திரசேகரன் வந்தார். பள்ளி அவருக்கு அப்பா வழியில் வந்தது. அவர் மனசு முழுக்கப் பொம்மசந்திராவில் இருக்கும் அவருடைய லேத் பட்டறையில்தான்.

"எட்டு பேர் ஒரே நாள்ல லீவா? என் ஷெட்ல இப்படிப் போனா கம்பெனி ஆய்து, கத முடிஞ்சுது, ஷட்டரை இழுத்துட வேண்டியதுதான். யாரும்மா லீவு பாக்கறது? நீங்களா? ஒரு சிஸ்டம் போடுங்க."

சங்கமித்ரா போட்டாள். படித்ததெல்லாம் இதற்குத்தானே என்று ஓர் உற்சாகம்கூட வந்தது. ஒரே நாளில் மூன்று பேருக்கு மேல் லீவு இல்லை. முதலில் கேட்டவருக்கு முதலில். மூன்று பேரின் வகுப்புகளை முறை வைத்து எல்லோரும் பார்க்க வேண்டும். ஸ்டாஃப் மீட்டிங்கில் படம் போட்டு விளக்கினாள். எல்லோரும் கடிகாரத்தைப் பார்த்தபடி தலையாட்டினார்கள். டோரீன் மிஸ் கண்ணாடியைத் தேடி எடுக்கச் சோம்பிக்கொண்டு அப்படியே கையெழுத்துப் போட்டார். சங்கமித்ரா இதையே தன் இன்டர்ன்ஷிப் பிராஜெக்டாக எழுதி அனுப்பினாள். பேராசிரியர் ரகுராம் சாரிடமிருந்து ‘மிக நன்று, நேரில் பார்க்க வருகிறேன்’ என்று பதில் வந்தது. அவர் குறித்த நாள் செப்டம்பர் எட்டு.

செப்டம்பர் எட்டு என்ன நாள் என்று அவளுக்கு உறைக்கவில்லை. அதுதான் கொடுமை. சிவாஜிநகர் மாதா கோயில் திருவிழா. கொடி ஏறியதிலிருந்து ஊரே காவி உடுத்தி அந்தத் தெருவில்தான் நிற்கும்.

திருவிழாவுக்கு முந்திய வாரம் பிலோமினா வந்தாள். ஆங்கில டீச்சர். குரலே உயராது.

"மித்ரா மிஸ், எட்டாம் தேதி நாங்க அஞ்சு பேரு. வழக்கம்போல."

"அஞ்சா? மூணு பேர்தானே பிலோ..."

"அது லீவுக்குத்தானே? இது மாதா ஃபீஸ்ட்."

சங்கமித்ரா விழித்தாள். பிலோமினா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகம் இறுகியது.

"உங்களுக்கு நிஜமாவே தெரியாதா? வரமகாலட்சுமிக்கு அவங்க வீட்ல இருப்பாங்க, நாங்க பாப்போம். மாதா தேருக்கு நாங்க போவோம், அவங்க பாப்பாங்க. நான் சேர்ந்த காலத்துலேர்ந்து அப்படித்தான். யாரும் யார்கிட்டயும் கேட்டது கிடையாது. போன மாசம் எட்டு பேரு வேலைய தொண்டை கிழிய நாங்க பாத்தோம். அது முடிஞ்சதும் நீங்க ரூல் போட்டீங்க. எங்க முறை வரும்போது கேட்டை சாத்தறீங்க."

வருடா வருடம் இரண்டு பக்கமும் வேலை பார்த்தவள் சங்கமித்ரா. அவளுக்கு யாரும் எதையும் திருப்பித் தந்ததில்லை. அதனால் அப்படி ஒரு கொடுக்கல் வாங்கல் இருப்பதே அவள் கண்ணில் பட்டதில்லை. அவரவர் லீவு போடுகிறார்கள், இருப்பவர்கள் சாகிறார்கள் என்றுதான் நினைத்திருந்தாள்.

டோரீன் மிஸ்ஸிடம் ஓடினாள்.

"நானும் தேருக்குப் போறேன். ஒரு வருஷம் விட்டதில்ல," என்றார் அவர். "ரூலை எடுக்கணுமா வெக்கணுமா, நீதான் சொல்லணும். நான் மென்டர். மென்டர் நடுவுல வாயத் தொறக்கக் கூடாதுன்னு உங்க யுனிவர்சிட்டியே எழுதி அனுப்பியிருக்கு."

"மிஸ், கையெழுத்து போட்டது நீங்க."

"கண்ணாடி இல்லாம போட்டேன், சைல்ட்."

ஸ்டாஃப் ரூமில் பேசிப் பார்த்தாள். "அஞ்சு பேரும் போகட்டும். ஆகஸ்ட்ல அவங்க பாத்தாங்க இல்ல? இப்ப நாம கொஞ்சம் கூடுதலா பாத்துக்கலாம்."

வனஜா டீ கிளாஸை மேஜையில் வைத்தாள்.

"மூணு பேர்னு போட்டது யாரு? நீ. படம் காட்டி சொன்னது யாரு? நீ. மூணு பேர் கிளாஸை நாங்க முறைப்படி பாக்கறோம், பாக்கமாட்டோம்னு சொல்லல. மிச்ச ரெண்டு பேரு உன் தலவலி. அடுத்த வருஷம் வரமகாலட்சுமிக்கு எனக்கு மூணுக்கு மேல இல்லன்னுதானே சொல்லப்போற? அப்ப நான் எதுக்கு சும்மனே இன்னொருத்தி வேலைய இழுத்துப் போட்டுக்கணும்?"

"வனஜா, அது வந்து..."

"ரூல்னா ரூல்தான் மித்ரா."

அவள் சொன்னதில் நியாயம் இல்லாமலில்லை. அதுதான் எரிச்சலை ஏற்றியது. ஊர் பார்த்துப் பார்த்துக் கட்டி வைத்திருந்த ஒன்றை இரண்டு வரியில் உடைத்தாயிற்று. உடைத்த கல் ஒவ்வொன்றும் ஆளுக்கொரு கையில் இருக்கிறது, எறிவதற்கு. விதியை எடுத்துவிட்டேன் என்று சொன்னால் கரஸ்பாண்டன்ட் கேட்பார், ரகுராம் சார் கேட்பார், பிராஜெக்ட் போகும், நாற்காலியும் போகும். பிலோமினாவைத் தடுத்தால் ஐந்து பேர் இனி இவள் முகத்தில் முழிக்கமாட்டார்கள். ஒன்றையும் சொல்லாமல், ஐந்து பேருக்கும் லீவைக் கொடுத்தாள். விதியையும் அப்படியே சுவரில் விட்டாள். மிச்ச இரண்டு பேரின் வகுப்புகளுக்கு நேராக, காலையிலிருந்து சாயங்காலம்வரை எல்லாக் கட்டத்திலும் தன் பெயரையே எழுதினாள்.

எட்டாம் தேதி காலை ஏழாம் வகுப்பு, எட்டாம் வகுப்பு பி, தன்னுடைய ஒன்பதாம் வகுப்பு, மூன்றையும் ஹாலில் கொண்டு வந்து கொட்டினாள். ஒன்பதுக்கு முக்கோணம், எட்டுக்குப் பின்னம், ஏழுக்கு ஆங்கிலப் பாடத்தை வாசிக்கச் சொல்லிவிட்டு, பெஞ்சு வரிசைகளுக்கு நடுவில் அங்குமிங்கும் ஓடினாள். தகரக் கூரை. மின்விசிறிகளில் ஒன்று சுற்றவில்லை. ஒரு மூலையை அடக்கினால் இன்னொரு மூலை கிளம்பியது. பல் உடைந்த பையன் முன் வரிசையிலேயே உட்கார்ந்து, இந்தத் தடவை என்ன நடக்கும் என்று ஆவலாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ரகுராம் சார் எப்போது வந்தார் என்று அவளுக்குத் தெரியாது. வைட்ஃபீல்டிலிருந்து மெட்ரோவில் வந்து, ஆட்டோ பிடித்து, ஆபீஸில் யாரும் இல்லாததால் ஸ்டாஃப் ரூமுக்குப் போயிருக்கிறார். வனஜா டீ கொடுத்திருக்கிறாள். பிறகுதான் ஹால் கதவருகே வந்து நின்றிருக்கிறார். மத்தியான மணி அடித்துப் பிள்ளைகள் வெளியே பாய்ந்த பிறகு, சாக்பீஸ் தூளோடும் வியர்வையோடும் அவர் முன்னால் போய் நின்றாள்.

"மூணு கிளாஸை ஒரே ஆளா சமாளிக்கறது சாதாரணம் இல்ல மேடம்," என்றார் அவர் மரியாதையாக. "ஆனா நான் பாக்க வந்தது ஒரு லீடரை. பாத்தது ஒரு நல்ல டீச்சரை. அங்க ஸ்டாஃப் ரூம்ல நாலு பேர் காலி பீரியட்ல உக்காந்திருக்காங்க. ஒருத்தர் ஸ்வெட்டர் பின்றாங்க. நீங்க இங்க கத்திக்கிட்டு இருக்கீங்க. அவங்களை ஏன் கூப்பிடல?"

"வரமாட்டாங்க சார்."

"கூப்பிட்டீங்களா?"

அவரை அந்தச் சுவரோடு சேர்த்துத் தள்ளலாம் போலிருந்தது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஏ.சி. அறையில் நின்று படம் போட்டுப் பேசுகிறவர். எட்டாம் வகுப்பு பி-யை ஒரு பீரியட் பார்த்திருப்பாரா? பார்த்திருக்கமாட்டார். ஆனாலும் கேட்டது சரியான கேள்வி. சரியான கேள்வியை அவர் வாயிலிருந்து கேட்க வேண்டியிருந்ததுதான் ஆத்திரம்.

பைப்படியில் முகம் கழுவும்போது கோவிந்தப்பா நினைவுக்கு வந்தான். அவன் ஒரு நாள்கூடச் சட்டியைத் தூக்கியதில்லை. அதற்காகத்தான் அவனை வெறுத்ததாக இத்தனை நாள் நினைத்திருந்தாள். யோசித்துப் பார்த்தால் அது இல்லை. மூன்றாவது மாடிக்கு எப்போதும் அம்மாவையே காட்டினானே, அதுதான். மற்றவர்கள் முனகுவார்கள், அம்மா முனகமாட்டாள். முனகாதவள் தலையில் ஏற்றுவது சுலபம். இத்தனை நாளாகத் தானும் அதைத்தான் செய்திருக்கிறாள். என்ன, முனகாதவள் என்று கண்டுபிடித்தது தன்னையே.

நேராகப் பலகைக்குப் போனாள். சாப்பாடு முடிந்து எல்லோரும் உள்ளேதான் இருந்தார்கள். ரகுராம் சாரும் ஒரு ஓரத்தில். சுவரில் ஒட்டியிருந்த விதியைக் கிழித்தாள். டேப்போடு கொஞ்சம் சுண்ணாம்பும் பெயர்ந்து வந்தது. தன் பெயரை உள்ளங்கையால் அழித்துவிட்டு எழுத ஆரம்பித்தாள்.

"ஏய், என்ன பண்ற?" என்றாள் வனஜா.

"மூணு பேர் ரூல் நான் போட்டது. தெரியாம போட்டேன், தப்பு, கிழிச்சிட்டேன். பழையபடியேதான் இனிமே. போன மாசம் லீவு எடுத்த எட்டு பேரும் இன்னிக்கு மத்தியானம் பங்கு போட்டுப் பாக்கணும்."

வனஜா பலகையை வாசித்தாள். முதல் பெயரே அவளுடையது. எட்டாம் வகுப்பு பி. அதுவும் கடைசி பீரியட்.

"எனக்கு பஸ்ஸு போயிடும்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"தெரிஞ்சே போடற."

"வரமகாலட்சுமிக்கு உன் கடைசி பீரியடை பாத்தது பிலோமினா. அவளுக்கும் பஸ்ஸுதான். இந்நேரம் அவ தேர் பாத்துக்கிட்டு இருக்கட்டும். நீ போ."

"ஹெச்.எம். ஆயிட்டியாடி அதுக்குள்ள?"

"ஆகல. ஆகாமலும் போகலாம். கிளாஸுக்குப் போ வனஜா."

வனஜா எழுந்தாள். சாக்பீஸ் டப்பாவை எடுத்தாள். மேஜைமேல் பாதி சாப்பிட்டு மூடி வைத்திருந்த டிபன் டப்பா, எப்போதும் இரண்டு பேரும் பங்கு போடுவது, அதையும் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனாள். இந்தி டீச்சர் ஸ்வெட்டரை ஊசியோடு சுருட்டிக்கொண்டே, "மாடியா கீழயா?" என்று மட்டும் கேட்டார். கீழே என்றதும் போனார். மற்றவர்களும் முணுமுணுத்துக்கொண்டே போனார்கள். முணுமுணுப்பு முழுக்க இவளைப் பற்றித்தான். ரகுராம் சார் தலையைக் குனிந்துகொண்டு ஏதோ எழுதினார். நல்லதாகத்தான் எழுதியிருப்பார். அதைப் பற்றி நினைக்கக்கூட அப்போது அவளுக்குத் தெம்பில்லை.

சாயங்காலம் சந்திரசேகரன் போன் செய்தார். அவருக்குக் காலைச் சேதி மட்டும்தான் போயிருந்தது.

"பலே மேடம்! மூணு கிளாஸை ஒரே ஆளா ஓட்டினீங்களாம். என் ஷெட்ல ஒருத்தன் இப்படித்தான், பக்கத்து ஆள் வரலேன்னா ரெண்டு மெஷினையும் அவனே ஓட்டுவான். அவனைத்தான் சூப்பர்வைசர் ஆக்கினேன். மார்ச்ல உங்களையே ஹெச்.எம். போட்டுடலாம்னு இருக்கேன். காலியா இருக்கற ரெண்டு டீச்சர் போஸ்ட்டும் அப்ப தேவைப்படாது பாருங்க."

இரண்டு வருடமாகக் காத்திருந்த வார்த்தை. சரி சார் என்று சொன்னால் முடிந்தது. தொண்டை வேறு கட்டியிருந்தது, நீளமாகப் பேசவும் முடியாது.

"மத்தியானம் நான் ஓட்டல சார். எல்லாரையும் போட்டுட்டேன். மூணு பேர் ரூலையும் எடுத்துட்டேன், அது இங்க ஒத்து வராது. அந்த ரெண்டு போஸ்ட்டும் காலியா இருக்கறதாலதான் பையன் பல்லு உடைஞ்சுது. ரெண்டு டீச்சரைப் போடுங்க. அப்பதான் நான் அந்த நாற்காலில உக்காருவேன்."

அந்தப் பக்கம் அவர் யாரையோ லேத்தை நிறுத்தச் சொல்வது கேட்டது.

"டோரீன் மிஸ்கிட்ட பேசறேன்," என்று வைத்துவிட்டார்.

அந்த வாரக் கடைசியில் டோரீன் மிஸ் அவளைக் கூப்பிட்டார். கண்ணாடி போட்டிருந்தார். இன்டர்ன்ஷிப் தாளில் ஒவ்வொரு வரியாகப் படித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் பேசினார்.

"ரொம்ப நேரம் சண்டை போட்டேன், சைல்ட். ஒரு டீச்சர் தருவாராம், ரெண்டு இல்ல. உன்னை மார்ச்லேர்ந்து இன்சார்ஜ்னு போடறாராம். ஹெச்.எம்.னு இப்ப போடமாட்டாராம். ஒரு வருஷம் பாத்துட்டு அப்பறமாம்."

"இன்டர்ன் முடிஞ்சு இன்சார்ஜா? முழுசா ஒரு பேரு எனக்கு எப்பதான் மிஸ் வெப்பாங்க?"

டோரீன் மிஸ் சிரித்தார். சங்கமித்ராவுக்குச் சிரிப்பு வரவில்லை. தாளை மடித்துப் பையில் வைத்தாள். படிப்பு முடிந்தது என்பதற்கு அதுதான் அத்தாட்சி. தூக்கி எறியவும் முடியாது, கண்ணில் ஒற்றிக்கொள்ளவும் தோன்றவில்லை.

வெளியே வராந்தாவில் பிலோமினா நின்றிருந்தாள். நன்றி சொல்வாள் என்று சங்கமித்ரா கொஞ்சம் எதிர்பார்த்தாள்தான்.

"அடுத்த வருஷமும் இதே மாதிரி சண்டை போட்டுத்தான் வாங்கணுமா மிஸ்?" என்றாள் பிலோமினா. "முன்னாடியெல்லாம் வாயத் தொறக்க வேண்டியதே இருந்ததில்ல."

உடைத்ததை உடைத்தவளே ஒட்டினாலும் ஒட்டுத் தெரியும்.

திங்கட்கிழமை காலை இரண்டு பேர் வரவில்லை. சங்கமித்ரா மார்க்கரைத் திறந்தாள். வனஜா அவளோடு பேசி ஒரு வாரமாகிறது. டிபனை இப்போது ஜன்னலோரம் தனியாகத் திறக்கிறாள். ஸ்டாஃப் ரூம் முழுக்க அந்த மூச்சு, யார் பெயர் வரப்போகிறதோ என்று காத்திருக்கும் மூச்சு, முதுகில் பட்டது. கை இன்னும் கூசத்தான் செய்தது. போன வாரம் யார் யார் பார்த்தார்கள் என்று மனசுக்குள் ஒரு சுற்று ஓட்டினாள். முறை யாருடையது என்பதில் சந்தேகமே இல்லை.

முதல் கட்டத்தில் வனஜா என்று எழுதினாள். தன் முறை மூன்றாவது கட்டத்தில் வந்தது. அங்கே மட்டும் தன் பெயரை எழுதிவிட்டு மார்க்கரை மூடினாள்.